ரிலீவ் ஆகாத ஹார்ட் டிஸ்க்

நாக்பூரில் நாலு வருஷம் குப்பை கொட்டியாச்சு. டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துவிட்டது, இந்த முறை லக்னோ. ஆனால் ஆர்டர் வந்து மூணு வாரம் ஆகியும் ரிலீவ் ஆகவில்லை. பேங்க்கில் இருப்பவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். பேப்பரில் நீங்கள் லக்னோ ஆள். நாற்காலி மட்டும் நாக்பூரை விட்டு நகராது. ஏன் என்று கேட்டால் "கொஞ்சம் பெண்டிங் இருக்கு சார்" என்பார்கள். என்ன பெண்டிங், யார் மேஜையில் பெண்டிங் என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒருவழியாக ரிலீவ் ஆனேன். மறுநாள் காலையில் லாரி வருகிறது. ராத்திரி பத்தரை மணி, வீடு முழுக்க அட்டைப்பெட்டி. எல்லாம் கட்டியாச்சு, மேஜை மேல் லேப்டாப்பும் அதில் சொருகிய ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் மட்டும்தான் பாக்கி. டிஸ்க்கை எடுத்து என் கைப்பையில் வைக்க வேண்டும். அதை லாரியில் போடும் தைரியம் எனக்கு இல்லை. கீழே மூலையில் இருக்கும் 'பத்திரமாக எடு' பொத்தானை அழுத்துகிறேன். பொட்டி என்ன சொல்லிற்று தெரியுமா? "இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது. இதைப் பயன்படுத்தக்கூடிய புரோகிராம்களையும் விண்டோக்களையும் மூடிவிட்டு மறுபடி முயலவும்."

அதாவது, கொஞ்சம் பெண்டிங் இருக்கு சார்!

இந்த இடத்தில் நம் மக்கள் இரண்டு கட்சி. முதல் கட்சி, "பிடுங்கிடு, ஒண்ணும் ஆகாது" கட்சி. என் ஆபீஸ் நண்பர் ஒருவர் இதன் நிரந்தரத் தலைவர். "அரே நிகால் தோ யார், குச் நஹீ ஹோதா" என்பார். இரண்டாவது, பத்து தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, பொட்டியையும் அதைச் செய்தவர்களையும் திட்டிவிட்டு, கடைசியில் முதல் கட்சியில் போய்ச் சேருகிற கட்சி. ரொம்ப நாள் நான் இரண்டாவதில் இருந்தேன். இப்போது இரண்டிலும் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. கொசுவத்தியைச் சுத்துங்கள்.

2012. வடோதரா. அதற்கு முந்தைய வருஷம்தான் அப்பா தவறிப்போயிருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் என் நோக்கியா போனில் அவர் பேசுவதைச் சும்மா பதிவு செய்து வைத்திருந்தேன், மூன்று பதிவுகள். பெரிதாக எதுவும் திட்டமிட்டுச் செய்ததில்லை. அவர் திண்ணையில் உட்கார்ந்து யாரையாவது வைதுகொண்டிருப்பார், நான் பட்டனை அமுக்கிவிடுவேன், அவ்வளவுதான். திதிக்கு ஊருக்குக் கிளம்புகிற அன்று, லேப்டாப்பில் இடமில்லை என்று போட்டோக்களோடு சேர்த்து அந்த மூன்றையும் ஒரு 320 ஜிபி டிஸ்க்குக்கு மாற்றினேன். காப்பி இல்லை மக்களே, கட் அண்ட் பேஸ்ட்! பச்சைக் கோடு ஓடி முடிந்தது. டிஸ்க்கை எடுக்கப் போனால் இதே 'பயன்பாட்டில் உள்ளது'. வாசலில் ஆட்டோ நிற்கிறது. தங்கமணி "என்னங்க, ரயில் போயிடும்" என்று குரல் கொடுக்கிறாள். பிடுங்கினேன்.

ஊரில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகினால், அந்தப் புது ஃபோல்டரைத் திறக்கும்போது "ஃபைலோ ஃபோல்டரோ சிதைந்துள்ளது, படிக்க முடியவில்லை" என்றது. மற்றதெல்லாம் திறக்கிறது. இது மட்டும் இல்லை.

ஏன் அப்படி ஆயிற்று என்பதை நான் படித்த பி.காம். பாஷையில் சொல்கிறேன், கம்ப்யூட்டர் படித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் ஒரு ஃபைலை எழுதுவது இரட்டைப் பதிவு மாதிரி. ஃபைலின் உள்ளடக்கம் ஒரு இடத்தில் போய் உட்காரும், அது வவுச்சர். எந்த ஃபைல் எங்கெங்கே இருக்கிறது என்ற குறிப்பு வேறு இடத்தில் ஏறும், அது லெட்ஜர். டிஸ்க் மெதுவான ஆள். அதனால் கம்ப்யூட்டர் எழுத வேண்டியதை எல்லாம் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு "ஆச்சு, ஆச்சு" என்று உங்களிடம் சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக எழுதும். பச்சைக் கோடு முடிந்தது என்றால் கவுண்டரில் பணம் வாங்கியாச்சு என்று மட்டும்தான் அர்த்தம். லெட்ஜரில் போஸ்டிங் ஆச்சு என்று அர்த்தமில்லை. போதாக்குறைக்கு, காப்பி வேகமாக நடக்கும் என்று எங்கோ படித்துவிட்டு டிஸ்க்கின் செட்டிங்கில் 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' என்பதை நானே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அதன் பொருளே, நினைவகத்தில் தேக்கிவைத்துப் பிறகு எழுது என்பதுதான். சொந்த செலவில் சூனியம்.

பத்திரமாக எடு என்று அழுத்தும்போது கம்ப்யூட்டர் இரண்டு வேலை செய்கிறது. தேங்கியதை எல்லாம் எழுதி முடிக்கிறது. பிறகு இந்த டிஸ்க்கில் யாராவது எதையாவது திறந்து வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொருவராகக் கேட்கிறது. ஒருவர் கை தூக்கினாலும், மாட்டேன் என்று சொல்லிவிடும்.

சரி, வடோதரா கதைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் செக்டிஸ்க். ஓடவிட்டேன். "தொலைந்த சங்கிலிகளை ஃபைல்களாக மாற்றட்டுமா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். 'ஃபவுண்ட் 000' என்று ஒரு ஃபோல்டர் முளைத்தது. உள்ளே 'ஃபைல் 0000', 'ஃபைல் 0001' என்று நூற்றுக்கணக்கில், எல்லாம் 'சி.எச்.கே.' என்ற வாலோடு. பெயரில்லை, தேதியில்லை. வவுச்சர் இருக்கிறது, எந்தக் கணக்குக்கு என்று லெட்ஜர் சொல்லவில்லை. சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! பார்த்தவுடனே எனக்கு அதுதான் தோன்றியது. பழைய பிராஞ்சுகளில் வருஷக்கணக்கில் தூங்கும் சஸ்பென்ஸ் என்ட்ரிகளைத் தீர்க்கிற வேலையை நான் ஆறு மாசம் செய்திருக்கிறேன். அதே வேலை இப்போது வீட்டில்.

நோட்பேடில் ஒவ்வொன்றாகத் திறந்தோம். கச்சாமுச்சா எழுத்துகள்தான் வரும், ஆனால் ஆரம்பத்தைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரியும். முதல் வரியில் 'ஜேஃபிஃப்' அல்லது 'எக்சிஃப்' என்று இருந்தால் போட்டோ. வாலை மாற்றினால் படம் திறந்துகொள்ளும். நோக்கியாவின் குரல் பதிவுகள் ஏ.எம்.ஆர். வகை. ஒரு கட்டம், ஒரு ஆச்சரியக்குறி, அதை ஒட்டி 'ஏ.எம்.ஆர்.' என்ற மூன்றெழுத்து. இதுதான் அந்த ஃபைலின் தலையெழுத்து, எப்போதும். மூன்று ராத்திரி தேடி ஒன்று கிடைத்தது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்து இருபது நாளாகியும் வரவில்லை என்று ஏஜென்சிக்காரரை அப்பா வைகிற நாலு நிமிஷம். மற்ற இரண்டும் போயே போய்விட்டது. அவற்றில் என்ன பேசினார் என்பதுகூட எனக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை.

பின்னாளில் விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார்: செக்டிஸ்க்கை முதலில் ஓட்டியதே தப்பு. அது டிஸ்க்கின் மேலேயே எழுதித் திருத்துகிற ஆசாமி. முதலில் டிஸ்க்கை அப்படியே முழுசாக இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு, அந்த நகலின் மேல்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். ஆடிட் வரும் முன் ஒரிஜினல் லெட்ஜரில் வெள்ளை மை தடவக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற எனக்கே இது தோன்றவில்லை. யாருக்காவது உபயோகப்படட்டும் என்று இங்கே போட்டு வைக்கிறேன்.

ஆக என் கருத்து இது. டிஸ்க்கை விடமாட்டேன் என்று பொட்டி சொல்வது திமிர் இல்லை, அதன் கடமை. டே-எண்ட் ஓட்டிய எந்த ஆபீசரும் இதைப் புரிந்துகொள்வார். சிஸ்டத்தில் ஒரு வவுச்சர் வெரிஃபை ஆகாமல் கிடந்தால், ஒரு கேஷியர் லாக்-அவுட் பண்ணாமல் வீட்டுக்குப் போயிருந்தால், நாள் முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு அவரை போனில் பிடித்துக் கத்தியிருக்கிறேன். ஆனால் சிஸ்டம் தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். பிராஞ்ச் சிஸ்டம், இன்ன ஐடி இன்னும் உள்ளே இருக்கிறது என்று பெயரோடு சொல்லும். இந்த விண்டோஸ், 'ஏதோ ஒரு புரோகிராம்' என்கிறது. தெரியாமல் சொன்னால் மன்னிக்கலாம். தெரிந்துகொண்டே சொல்கிறது! ஈவென்ட் வியூவர் என்று ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது. அதில் 'சிஸ்டம்' என்ற பதிவேட்டைத் திறந்து, கெர்னல் பி.என்.பி. என்ற பெயரில் வந்த 225 என்ற எண்ணைத் தேடுங்கள். இன்ன புரோகிராம், இன்ன நம்பர், இந்த டிஸ்க்கை எடுக்கவிடாமல் தடுத்தது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கும். பதிவேட்டில் எழுதத் தெரிந்தவனுக்குக் கவுண்டரில் வந்தவரிடம் அதையே சொல்ல வாய் வராதா? ஆபீஸ்களில் ஃபைல் 'பிராசஸில் இருக்கிறது' என்று சொல்லி அனுப்புகிற அதே வியாதி. நம் வீட்டுப் பெரியவர்கள், ஆபீஸ் வாசலையே மிதிக்காத தங்கமணிகள், எல்லாரும் பேரக்குழந்தை போட்டோ இருக்கும் டிஸ்க்கைக் கையாள்கிறார்கள். அவர்களை 225 தேடச் சொல்வது என்ன நியாயம்? பெயர் சொல்லாத மறுப்புதான் ஜனங்களைப் பிடுங்கும் கட்சியில் சேர்க்கிறது. இதில் என் நண்பர் குற்றவாளி இல்லை.

அந்தக் கட்சிக்கு ஒரு வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுவது நியாயம். 2018-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே சொருகும் டிஸ்க்குகளுக்கு 'குவிக் ரிமூவல்' என்பதே இயல்பான ஏற்பாடு. தேக்கி வைக்காமல் அப்போதைக்கப்போதே எழுதிவிடும். அதனால் சும்மா இருக்கும் டிஸ்க்கை எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. உண்மை. ஆனால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று பொட்டி சொல்லும்போது டிஸ்க் சும்மா இல்லை என்பதுதானே சேதி? யாரோ எதையோ எழுதிக்கொண்டிருந்தால் பாதியில்தான் நிற்கும். நண்பருக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அவர் டிஸ்க்கில் வைத்திருப்பது சினிமா. போனால் மறுபடி இறக்கிக்கொள்வார்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். என் மைத்துனன் பெங்களூரில் இருக்கிறான், அவனுடையதில் 'கட்டாயமாக வெளியேற்று' என்று ஒரு பொத்தானே கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஸ்பாட்லைட் என்ற தேடுகிற ஆசாமி புது டிஸ்க்கை உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். கொஞ்சம் பொறுத்தால் தானே எழுந்து போவான்.

பையன் லினக்ஸ் கோஷ்டி. "அப்பா, எங்க சைடுல பெயரோட சொல்லும்" என்று பெருமையடிப்பான். அங்கேயும் முதலில் 'டார்கெட் இஸ் பிஸி' என்றுதான் வரும், பிறகு 'ஃப்யூசர்' என்றோ 'எல்.எஸ்.ஓ.எஃப்.' என்றோ ஒரு கட்டளை அடித்தால் யார் யார் உள்ளே என்று பட்டியல் வரும். முக்கால்வாசி நேரம் குற்றவாளி அவனேதான். டெர்மினலில் அந்த டிஸ்க்கின் ஃபோல்டருக்குள் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே டிஸ்க்கைக் கழற்று என்பான். வீட்டுக்குள் நின்றுகொண்டு வெளியே பூட்டச் சொல்கிற மாதிரி. (அந்தக் கட்டளையின் பெயர் 'யூமவுன்ட்'. நடுவில் வரவேண்டிய 'ன்'-ஐ யார் தின்றார்களோ, பழைய யூனிக்ஸ் காலத்திலிருந்தே காணோம்.) அதில் 'லேசி' என்று ஒரு வகை உண்டு. டிஸ்க்கின் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து உடனே எடுத்துவிடும், உள்ளே இருப்பவர்கள் வேலை முடித்து வெளியே வந்த பிறகுதான் நிஜமாகக் கழற்றும். பார்க்கிறவனுக்கு ஆச்சு என்று தோன்றும், ஆகியிருக்காது. என்னைப் பேப்பரில் மூணு வாரம் லக்னோக்காரனாக வைத்திருந்தார்களே, அச்சு அசல் அதுவேதான். பெயர் போய்விட்டதே என்று நம்பிப் பிடுங்கினால் வடோதரா.

நாக்பூருக்கு வருவோம். மணி பதினொன்று. என்னென்ன மூட முடியுமோ எல்லாம் மூடினேன். எக்ஸ்ப்ளோரர், வேர்ட், எக்செல், பிரவுசர். ஆன்டி வைரஸ் ஓடுகிறதா என்று பார்த்தேன், இல்லை. மறுபடி அழுத்தினேன், அதே பதில். ரிசோர்ஸ் மானிட்டரில் சி.பி.யூ. பக்கத்தில் தேடும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் டிஸ்க்கின் எழுத்தைப் போட்டால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும் என்பார்கள். எனக்குச் சிலசமயம் காட்டும், சிலசமயம் காட்டாது. அன்று காட்டவில்லை. மைக்ரோசாஃப்டின் பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் இன்னும் கெட்டிக்காரன், ஆனால் அதில் பிடியை நாமே வெட்டிவிடவும் வசதி இருப்பதால் நான் கை வைப்பதில்லை. உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் நாற்காலியை இழுக்கிற வேலை அது.

ஷட்-டவுன் செய்துவிட்டு எடுத்துவிடலாமே என்பீர்கள். எடுக்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. இப்போதைய விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப்' இருந்தால் ஷட்-டவுன் என்பது முழு ஷட்-டவுன் இல்லை, பாதித் தூக்கம். ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஷட்-டவுன் கொடுத்தால்தான் முழுசாக அணையும். வேறு வழியே தெரியாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சுலபம், ஆபத்தில்லை.

ஆனால் எனக்கு ஆளைத் தெரிந்தாக வேண்டும். குணம் அப்படி. ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். 225. பெயர்: வி.எல்.சி.

நான் வி.எல்.சி.யைத் திறக்கவே இல்லையே! கீழே பட்டையில் இல்லை. மினிமைஸ் ஆகியும் இல்லை. ரெண்டு நிமிஷம் முழித்தேன். பிறகு டாஸ்க் மேனேஜரில் 'யூசர்ஸ்' பக்கத்துக்குப் போனால், என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர். தங்கமணி. சாயங்காலம் தன் லாகினில் நுழைந்திருக்கிறாள், வெளியே வரவில்லை. நான் அதன் மேலேயே என் லாகினைத் திறந்திருக்கிறேன். என் பக்கத்தில் எத்தனை ஜன்னலை மூடினாலும் அவள் பக்கத்தில் திறந்திருப்பது திறந்தேதானே இருக்கும். லாக்-அவுட் பண்ணாமல் வீட்டுக்குப் போன கேஷியர், நம் வீட்டிலேயே!

அங்கிருந்தே 'எண்ட் டாஸ்க்' கொடுத்திருக்கலாம். வீடியோ ஓட்டுகிற புரோகிராம்தான், போவதற்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் கேட்டுவிடலாம் என்று சமையலறைப் பக்கம் போனேன். கடைசிப் பெட்டியில் டபராவைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வி.எல்.சி.யில என்ன திறந்து வச்சிருக்கே?"

"ஐயோ, மறந்தே போச்சு. அந்த கேசட்லேர்ந்து மாத்தினோமே, நம்ம சீமந்த வீடியோ. பால் பொங்கற சத்தம் கேட்டு அப்படியே நிறுத்திட்டு வந்தேன். என்னங்க, ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகலை. மூடிட்டு வா, டிஸ்க்கை எடுக்கணும்."

"இன்னும் பத்து நிமிஷம்தாங்க இருக்கு. பார்த்துட்டு மூடறேனே."

அவள் லாகினைத் திறந்தாள். நிறுத்திய இடத்தில் அவள் அம்மா வளையல் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் வாசற்படியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரையோ வைதுகொண்டு என் அப்பா. சத்தம் கேட்கவில்லை, நாதஸ்வரம் அமுக்கிவிட்டது. நான் இந்த வீடியோவைக் கடைசியில் எப்போது பார்த்தேன் என்றே நினைவில்லை. நாற்காலிகள் எல்லாம் கட்டியாகிவிட்டதால் இரண்டு பேரும் அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பார்த்தோம். பத்து நிமிஷம் என்றாள், இருபத்திரண்டு ஆயிற்று.

வி.எல்.சி.யை மூடினாள். லாக்-அவுட் பண்ணினாள், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். என் லாகினுக்குப் போய் மறுபடி அழுத்தினேன். 'இப்போது பத்திரமாக எடுக்கலாம்' என்றது. எடுத்து, பழைய துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன்.

டிஸ்கி: இதன் இன்னொரு நகல் ஊரில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. சிலிண்டர் வசவும் அதில் இருக்கிறது.